ஒரே முகூர்த்தத்தில் ஏழு கல்யாணம்

முப்பத்து நான்கு வருடம் மனநல மருத்துவராக இருந்ததில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். அதெல்லாம் மறந்துபோயிற்று. மறக்காமல் இருப்பது ஒரு பாராட்டு. ஒரு டின் மைசூர்பாகோடு வந்த பாராட்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான்.

பிரிவு உபசார நாளில் எனக்குச் சால்வை போர்த்தி, "புதுசா வந்திருக்கிற டாக்டர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று மைக்கைக் கொடுத்தீர்கள். இரண்டாவது வார்த்தை வருவதற்குள் பந்தி போட்டாயிற்று என்று மைக்கை வாங்கிக்கொண்டீர்கள். பரவாயில்லை, பசி பொல்லாதது. சொல்லவந்ததைக் கோச்சடையில் என் வீட்டில் உட்கார்ந்து எழுதி அனுப்புகிறேன். இதில் வருகிறவர்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேறு. தொழிலையும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "தொழில மாத்துனா கதை வெளங்காது டாக்டரம்மா, அப்பிடியே எழுதுங்க" என்றார்கள்.

அவரைச் சோலைமலை என்று வைத்துக்கொள்வோம். அவனியாபுரத்துக்காரர், கல்யாணச் சமையல் மாஸ்டர். நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். அப்போது நான் மாலையில் வில்லாபுரத்தில் கிளினிக் வைத்திருந்தேன். ஒரு ஆடி மாதம் அவர் மனைவி பஞ்சவர்ணம் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். ஆள் நல்ல உயரம், அண்டாவைத் தனியாகத் தூக்கி இறக்குகிற தோள். அந்தத் தோள் இரண்டும் தொங்கிப்போய், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மாசமா செவுத்தப் பாத்துப் படுத்தே கெடக்காக. போன எடுக்கிறதில்ல. குளிக்கச் சொன்னா அழுகிறாக" என்றார் பஞ்சவர்ணம்.

"நாக்குல உப்பு, ஒறைப்பு எதுவுமே தெரியல" என்றார் சோலைமலை. அவர் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

மனச்சோர்வு என்பது முதல் வருட மாணவனுக்கே தெரியும். எனக்குத் தெரியவேண்டியிருந்தது வேறொன்று. இது வெறும் மனச்சோர்வா, அல்லது பைபோலார் என்று நாம் சொல்கிற, இறக்கமும் ஏற்றமும் மாறி மாறி வருகிற நோயின் இறக்கமா? இரண்டும் எதிரே வந்து உட்காரும்போது ஒரே முகம்தான். மருந்து மட்டும் வேறு வேறு. இரண்டாவது நோயாக இருந்து, மனநிலையைச் சமன் செய்யும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், கிணற்றிலிருந்து தூக்குகிறேன் என்று ஆளைக் கூரைக்கு மேலே வீசிவிடும் ஆபத்து உண்டு.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவும் செய்தேன்.

"இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் அளவுக்கு மீறின உற்சாகமா, தூக்கமே இல்லாம, ஆனா களைப்பும் இல்லாம இருந்திருக்காரா?"

பஞ்சவர்ணம் சிரித்துவிட்டார். "முகூர்த்த சீசன்ல சமையக்காரன் எங்க டாக்டரம்மா தூங்குறான்? ஆவணி, தை, வைகாசின்னா இவுக கால் தரையிலயே படாது. ஆடியும் மார்கழியும் வந்தா இப்பிடிப் படுத்துக்குவாக. தொழிலு அப்பிடி."

நானும் சிரித்தேன். வெளியே டோக்கனோடு முப்பது பேர். பஞ்சவர்ணம் முழுப் பூசணிக்காயை இலையிலேயே வைத்துவிட்டார், சோற்றில் மறைக்கக்கூட இல்லை. நான் அதைப் பார்க்காமல் 'முன்பு மிகை உற்சாகம் இல்லை' என்று எழுதி, மனச்சோர்வு மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் முடியவில்லை. ஒரு சாயங்காலம் சோலைமலை வரிசையைத் தள்ளிக்கொண்டு தனியாக உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, கையில் டின். வெளியே காத்திருந்த முப்பது பேருக்கும் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"டாக்டரம்மா, அம்புட்டு இருட்டும் போச்சு! நீங்க டாக்டர் இல்ல, மீனாட்சி! உங்க படத்த வீட்டுல மாட்டப்போறேன். சாப்புடுங்க, மொதல்ல சாப்புடுங்க!"

சாப்பிட்டேன். அப்படி ஒரு மைசூர்பாகை நான் அதற்குமுன் சாப்பிட்டதில்லை. செத்துக் கிடந்த மனிதர் எழுந்து வந்து இனிப்புக் கொடுக்கிறார், வெளியே இருப்பவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆவணிக்கு நிறைய வேலை ஒத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இன்னும் என்னென்னவோ சொன்னார், மூச்சு விடாமல். நான் பாதியைத்தான் கேட்டேன். "மாத்திரையை விட்டுடாதீங்க, அடுத்த மாசம் வாங்க" என்றேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியங்களில் அதற்குத்தான் முதலிடம்.

பிள்ளைகளே, நோயாளி உங்களைத் திட்டினால் கவலைப்படாதீர்கள். மாத்திரை வேலை செய்திருக்கவேண்டிய நாளுக்கு முன்பே நோயாளி உங்களை மீனாட்சி என்று கும்பிட்டால், உடனே அவர் வீட்டுக்குப் போன் போடுங்கள்.

நான் போடவில்லை. ஐந்தாம் நாள் பஞ்சவர்ணம்தான் வந்தார். டோக்கன் வாங்கவில்லை, உட்காரவில்லை. நான் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையை மேசையில் எறிந்தார்.

"ஒரே முகூர்த்தத்துக்கு ஏழு கல்யாணம் ஒத்துக்கிட்டாக. ஏழு! வார வெள்ளிக்கெழம. ரெண்டுக்கு மேல நாங்க எடுத்ததே இல்ல, ஒண்ணுல இவுக, ஒண்ணுல எந்தம்பி. கேட்டா, ஏழு மண்டபத்துக்கும் வண்டியில போயி தாளிப்ப மட்டும் எங்கையால போட்டுருவேன், மத்தத யாரும் கிண்டலாம்கிறாக. தூங்கி நாலு நாளாச்சு. தடுக்கப் போன எந்தம்பிய கரண்டியால அடிச்சுட்டாக. ஆளப் பேயா ஆக்கிப்புட்டீகளே!"

மாத்திரை மட்டும்தான் காரணமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆவணி பிறந்ததும் அவர் தானாகவே ஏறியிருக்கலாம், வருடா வருடம் கொஞ்சம் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் தணலாகக் கிடந்ததை விசிறியது நான்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவரை எப்படி ஆஸ்பத்திரிக்கு வரவழைப்பது என்பது அடுத்த பிரச்சினை. வாழ்க்கையில் இப்படி நன்றாக இருந்ததே இல்லை என்று நம்புகிறவரிடம் போய் உனக்கு நோய் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டித் தூக்கலாம் என்று மச்சினன் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. நானே பஞ்சவர்ணத்தோடு ஷேர் ஆட்டோவில் அவனியாபுரம் போனேன். சோலைமலை வாசலில் ஏழு அண்டாக்களைக் கவிழ்த்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், உங்களுக்கு நான் தப்பான மாத்திரை குடுத்துட்டேன்" என்றேன்.

கை நின்றது. "நீங்களா?"

"நான்தான். உங்க நோய் வேற. அதை நான் ஒழுங்கா விசாரிக்கல. இப்ப அதைச் சரி பண்ணணும். அதுக்கு நீங்க கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில இருக்கணும். எனக்கு இந்த உதவியைப் பண்ணுவீங்களா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "பாவம்டி, டாக்டரம்மாவுக்குக் கை தவறிப்போச்சு. சாம்பார்ல உப்புக் கூடிப்போனா என்ன செய்வோம்? உருளக்கெழங்க வெட்டிப் போட்டுச் சரிக்கட்டுவோம்ல? நான் வாரேன் டாக்டரம்மா. உங்க தப்பச் சரி பண்ணித் தாரேன்."

வந்தார். இதை ஒரு தந்திரம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்னது நிஜம், அதனால்தான் எடுபட்டது. பொய்யாகச் சொல்லியிருந்தால், அந்த வேகத்தில் இருந்தவர் என் முகத்திலேயே கண்டுபிடித்திருப்பார்.

மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தினோம். மனநிலையைச் சமன் செய்யும் லித்தியம் தொடங்கினோம், வேகத்தைத் தணிக்க இன்னொரு மருந்தும் கொடுத்தோம். லித்தியமும் ஒருவகை உப்புத்தான் என்றேன். "ஊருக்கே உப்புப் போடுறவன் நானு, எனக்கே உப்பா?" என்று வார்டே கேட்கச் சிரித்தார். அடுப்படியில் நின்று வியர்க்கிறவருக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை. உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி விஷமாகிவிடும். எத்தனை சொம்பு குடிக்கவேண்டும், எப்போது ரத்தம் சோதிக்கவேண்டும் என்பதைப் பஞ்சவர்ணத்துக்கு நான் மூன்று தடவை சொன்னேன்.

பஞ்சவர்ணம் அந்த வாரத்தில் வெற்றிலைபாக்குத் தட்டோடு ஆறு வீடு ஏறி இறங்கினார். தெரிந்த மாஸ்டர்கள் ஆளுக்கொரு கல்யாணமாக ஏற்றுக்கொண்டார்கள். ஏழாவதைத் தம்பி செய்தார். எந்தக் கல்யாண வீட்டிலும் இலை காலியாக இருக்கவில்லை. ஆனால் அந்தச் சீசன் முழுக்கச் சோலைமலையைக் கூப்பிடவும் யாரும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால், 'பைபோலாருக்கு மனச்சோர்வு மாத்திரை ஆகாது' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நான் தூங்கப் போயிருப்பேன். உங்களில் சிலர் ஏற்கெனவே அப்படித்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் இரண்டாவது தப்பு அங்கேதான் முளைத்தது.

அந்த வருடம் ஐப்பசியிலேயே அவர் மறுபடி இறங்கத் தொடங்கினார். கார்த்திகை பிறக்குமுன்பே படுத்துவிட்டார். லித்தியத்தைக் கூட்டிப் பார்த்தேன். இறக்கத்துக்கென்று இருக்கிற வேறொரு மருந்தைச் சேர்த்தேன். அதில் பகலெல்லாம் தூங்கினார், எழுந்தால் தள்ளாடினார், மனம் மட்டும் எழவில்லை. அதை நிறுத்தவேண்டியதாயிற்று. மின்சிகிச்சை என்றதும் இரண்டு பேருமே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

"அந்த மாத்திரையவே குடுங்க டாக்டரம்மா" என்றார் பஞ்சவர்ணம்.

"எந்த மாத்திரை?"

"நான் ஒங்க மேசையில எறிஞ்சேனே, அது. பேயா ஆக்கிப்புட்டீகன்னு சொன்னவ நாந்தான். இப்பச் சொல்றேன், பேயாவாச்சும் எந்திரிச்சு நிக்கட்டும்."

முடியவே முடியாது என்றேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள், நான் அந்தப் பூனை. லித்தியம் என்கிற காவல் இப்போது இருக்கிறது, அதோடு சேர்த்து அளவாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று படிப்பு சொன்னது. ஏழு அண்டாக்கள் வேண்டாம் என்றன. இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்று ஆறு வாரத்தை ஓட்டினேன். அதைப் பொறுமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் பஞ்சவர்ணம் தனியாக வந்தார். பல நாள் கழித்து முகத்தில் வெளிச்சம்.

"இவுக பேசுறாக டாக்டரம்மா! ரெண்டு நாளா என்னயப் பக்கத்துல உக்கார வச்சு, நோட்டுல எழுதச் சொல்லி எல்லாத்தையும் சொல்றாக. ஐந்நூறு பேருக்குச் சாம்பார்ப் பொடி என்ன பக்குவம், காரக்குழம்புக்கு என்ன, மைசூர்பாகுக்குப் பாகு எப்ப எறக்கணும், எல்லாம். இம்புட்டு வருசத்துல எந்தம்பிக்கே சொன்னதில்ல. நேத்து முடிச்சு, நோட்ட எங்கையில குடுத்துட்டாக."

வயர் கூடையிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். மஞ்சள் தடவிய கோடு போட்ட நோட்டு. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

ஆடியில் இந்த அம்மா சொன்ன ஒரு பதிலை நான் கேட்காமல் விட்டேன். ஆவணியில் ஒரு நல்ல சேதியை நல்ல சேதி என்றே நம்பினேன். இது மூன்றாவது. பக்குவத்தை மச்சினனுக்குக்கூடச் சொல்லாத சமையல்காரர், படுத்த படுக்கையில் அதை முழுதாக ஒப்படைக்கிறார் என்றால், எங்கேயோ கிளம்புகிறார் என்று அர்த்தம்.

"அவரை இப்பவே கூட்டிட்டு வாங்க. உங்க தம்பி அவர் பக்கத்துல இருக்காரா? போன் போட்டு, தனியா விடாதீங்கன்னு சொல்லுங்க."

ஒரு மணி நேரத்தில் வந்தார்கள். டோக்கன்காரர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். கேட்கவேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று உங்களில் யாராவது பயந்தால், அந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள்.

"மாஸ்டர், செத்துப்போகணும்னு தோணுதா? அதுக்காகத்தான் அந்த நோட்டா?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் போனப்புறம் அவ அடுத்தவுக அடுப்புல கரி அள்ளக்கூடாதுல்ல."

பஞ்சவர்ணத்தின் மடியில் நோட்டு இருந்தது. அவர் அழவில்லை. நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றே வார்டில் சேர்த்தோம், ஒரு நிமிடமும் தனியாக விடாத ஏற்பாட்டோடு. அவரைப் படுக்கவைத்துவிட்டு, எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பேராசிரியருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார். "மாத்திரை குடுக்கப் பயப்படுறியே, அந்தப் பயம் அவருக்காகவா, உனக்காகவா?" பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அவருக்கு எப்போதும் அந்தக் குணம்.

எனக்காகத்தான். இன்னொரு தடவை ஒரு பெண் என் மேசையில் மாத்திரை அட்டையை எறிவதை என்னால் தாங்கமுடியாது என்றுதான் ஆறு வாரம் அந்த மனிதரைக் கிணற்றிலேயே விட்டுவைத்திருந்தேன்.

மறுநாள் காலை, ரத்தத்தில் லித்தியம் சரியான அளவில் இருப்பதைப் பார்த்துவிட்டு, மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கினேன். மிகக் குறைந்த அளவு. தொடங்கும் முன் இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இது தூக்கிவிடலாம், வீசியும் விடலாம். இதைக் கொடுக்கலாமா கூடாதா என்று பெரிய பெரிய டாக்டர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஏறினால் அன்றைக்கே நிறுத்துவோம். ஏறுகிறதா என்பதை என்னைவிட நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள்.

"என்னத்தப் பாக்கணும்?" என்றார் பஞ்சவர்ணம்.

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும். ஆவணியில முதல்ல என்ன மாறுச்சு?"

யோசித்தார். "தூக்கம் கொறஞ்சது. அப்பறம் ஊருக்கெல்லாம் இனிப்புக் கிண்டிக் கொண்டுபோனாக. மத்த மாஸ்டருகளுக்குத் தாளிக்கத் தெரியலன்னு வைய ஆரம்பிச்சாக. ரெண்டு கல்யாணம் மூணாச்சு, மூணு ஏழாச்சு."

எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பட்டியல் அது. அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டேன். இனி கல்யாணம் பேசுகிற போன் பஞ்சவர்ணத்திடம்தான் இருக்கவேண்டும் என்று சோலைமலையே ஒத்துக்கொண்டார்.

நம் தொழிலில் இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஏற்றத்தை நோயாக யாரும் சொல்லமாட்டார்கள். 'நல்லா இருந்த காலம்' என்றுதான் சொல்வார்கள். பட்டறைக்காரரிடம் எப்போது தாங்காத அளவுக்கு ஆர்டர் பிடித்தீர்கள் என்று கேளுங்கள். ஜல்லிக்கட்டு மாடு வைத்திருப்பவரிடம் எந்த வருடம் ஒன்றுக்கு நான்காக வாங்கினீர்கள் என்று கேளுங்கள். அப்போது வீட்டில் யாரோடு சண்டை வந்தது என்றும் கேளுங்கள். பதில் வந்த பிறகு சிரித்துக்கொள்ளலாம்.

மாசி பிறந்தபோது அவர் வீடு திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் பஞ்சவர்ணம் போனில் கூப்பிட்டார். குரல் உடைந்திருந்தது. நான் பயந்துவிட்டேன்.

"டாக்டரம்மா, ரசத்துல புளி தூக்கலா இருக்குன்னு கொறை சொல்றாக!"

எனக்கும் கண் கலங்கிவிட்டது, இதைச் சொல்வதில் வெட்கமில்லை. மீனாட்சி பட்டத்தைவிட அந்தக் குறை எனக்கு ஆயிரம் மடங்கு இனித்தது. நாக்கு திரும்பிவிட்டது, ஆளும் அளவாகத்தான் திரும்பியிருக்கிறார்.

பங்குனியில் மறுபடி போன் வந்தது. வைகாசிக்கு ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்திருந்தது, மூன்றாவது ஒன்றையும் ஒத்துக்கொள்ளச் சொல்கிறாராம் சோலைமலை. அன்றே வரவழைத்தேன். தூக்கமும் ஒரு மணி நேரம் குறைந்திருந்தது. மனச்சோர்வு மாத்திரையைக் குறைத்து, நாளடைவில் நிறுத்தினோம். லித்தியம் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. அதற்குப் பின் ஒரு மார்கழியில் மறுபடி அதே மாத்திரை தேவைப்பட்டது, கொடுத்தோம், நிறுத்தினோம். வேறு ஒருவருக்கு இது ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு ஒத்துவந்தது, காவலோடு.

நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உடம்பு தேறியதும் அதைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். "குடுத்தது குடுத்ததுதான்" என்று பஞ்சவர்ணம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இப்போது ஒரு முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம் எடுக்கிறார்கள். ஒரு மண்டபத்தில் சோலைமலை மாஸ்டர், இன்னொன்றில் பஞ்சவர்ணம் மாஸ்டர்.

நான் ஓய்வு பெற்றதைக் கேள்விப்பட்டு, சென்ற வாரம் இரண்டு பேரும் கோச்சடைக்கு வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, கையில் டின். அவர் டின்னைத் திறந்து நீட்டினார். மைசூர்பாகு. எனக்குக் கை நீளவில்லை. இத்தனை வருடம் கழித்தும் என் கண் நேராகப் பஞ்சவர்ணத்தின் முகத்துக்குத்தான் போனது.

அந்த அம்மாவுக்கு நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

"இது நான் கிண்டுனது டாக்டரம்மா. அவுக பத்து மணிக்கே படுத்துட்டாக, அஞ்சு மணிக்கு நாந்தான் எழுப்புனேன். பயப்படாமச் சாப்புடுங்க."

சாப்பிட்டேன்.